இரண்டு அடி, ஒரு நொண்டி

அன்று பல்லக்கின் முன்தண்டில் என் மூத்த மகன் வெங்கடேஷும் என் தம்பி மகன் சின்னராஜும் இருந்தார்கள். பின்தண்டில் என் இளைய மகன் சேகரும் சின்னராஜின் தம்பி லோகேஷும். மேளம் அருள்சாமி. பக்கத்தில் நடந்தவர்கள் என் அக்கா அத்தாயியும் சின்னராஜின் மனைவி கலாவும். முன்னால் கோலோடு ஐயாக்கண்ணு ஆகிய நான். ஊர்ச் சனம் பின்னால் வந்தது. ஆனால் உண்மையில் நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள் எட்டுப் பேர்தான்.

கரடியூர் மாரியம்மனுக்கு முதல் தோள் கொடுத்துப் பல்லக்கைத் தூக்கும் உரிமை எங்கள் குடும்பத்துடையது. காப்புக் கட்டிய நால்வரைத் தவிர வேறு யாரும் தண்டைத் தொடக் கூடாது. எல்லைப் பாறையைச் சேரும் முன் பல்லக்கைத் தரையில் இறக்கிவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து முதல் தோள் மேல்தெருக்காரர்களுக்குப் போய்விடும். என் காலத்தில் இறக்கியதில்லை. என் அப்பா காலத்திலும் இல்லை.

காப்புக் கட்டிய ஒன்பது நாளும் தூக்குகிறவர்கள் காலில் எதுவும் போடக் கூடாது. மூன்று பேர் காப்பித் தோட்டத்தில் வெறுங்காலோடுதான் திரிந்தார்கள். சின்னராஜ் ஏற்காட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். அவனும் அப்படித்தான் இருந்தான் என்று நம்பியிருந்தோம்.

பாறைக்கு முந்திய வளைவில் சாலை போடுவதற்காக ஜல்லி பரப்பியிருந்தார்கள். அதில் கால் வைத்ததும் சின்னராஜ் கொக்கைப் போல ஒரு காலைத் தூக்கினான். பல்லக்கு அவன் பக்கம் சரிந்தது. அதை நிமிர்த்த வெங்கடேஷ் குனிந்தான். பின்னால் லோகேஷ் தடுமாறினான், சேகர் தண்டை இழுத்துப் பிடித்தான். இருபது அடிக்குள் நான்கு பேரும் நான்கு விதமாக நடந்தார்கள். அவர்கள் காலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்த அருள்சாமிக்குத் தாளமும் போயிற்று. அம்மன் மாலை கழன்று லோகேஷின் தலையில் விழுந்தது.

“அண்ணா, நேரா நட,” என்றான் லோகேஷ் சின்னராஜிடம்.

“நேராத்தான் நடக்கறேன். நீ தள்ளாதடா.”

“நான் எங்க தள்ளுனேன்? சேகரண்ணன் இழுக்குது.”

“இழுக்கலீன்னா அம்மன் உன்ற மடியில வந்து உக்காந்துக்கும்,” என்றான் சேகர்.

நான் திரும்பி, “சின்னராஜு, என்னடா ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க பெரியப்பா. கல்லு கொஞ்சம் கூர்ப்பா இருக்குதுங்க.”

“கல்லைச் சொல்லாதீங்க,” என்றாள் கலா. “ஒம்போது நாளும் ஷூவுக்குள்ள இருந்த காலுங்க மாமா. ஊட்டுக்கு வர்றப்ப மட்டும் கழட்டி ஜீப்புல ஒளிச்சு வெச்சுருவாரு. இன்னிக்குக் காத்தாலதான் பாத்தனுங்க.”

நேராக நடக்கும்படி மூன்று முறை அதட்டினேன். ஒவ்வோர் அதட்டலுக்கும் பல்லக்கு இன்னும் ஒரு சாண் சாய்ந்தது. லோகேஷின் முழங்கால் தரையைத் தொட இருந்தது. பாறைக்கு இன்னும் இருநூறு அடி.

“அவரைத் திருத்தறது இன்னிக்கு ஆகாதுங்க மாமா,” என்றாள் கலா. “நானே எட்டு வருசமாப் பாக்கறேன். அவரு நடக்கற மாதிரியே மத்தவீங்க மூணு பேரும் நடக்கட்டுங்க. பல்லக்கு நிக்கும்.”

அம்மனுக்கு முன்னால் நொண்டுவதா என்று தயங்கினேன்.

“எறக்கறதுக்கு நொண்டறது மேலு. சொல்லு, ஐயாக்கண்ணு,” என்றாள் அக்கா.

சொன்னேன்.

“ரெண்டு அடி, ஒரு நொண்டி. சரிதானுங்களே?” என்று வெங்கடேஷ் கேட்டான். அருள்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதற்கேற்பத் தட்டினார். நால்வரும் சேர்ந்து நொண்டினார்கள். பல்லக்கு தொட்டிலைப் போல அழகாக ஆடிக்கொண்டு போயிற்று. பெண்கள் குலவையிட்டார்கள். ஜல்லியில் தொடங்கிய நடையை யாரும் மாற்றத் துணியவில்லை, பாறை வரை அப்படியே போய்ச் சேர்ந்தார்கள். முதல் தோள் எங்களிடமே இருக்கிறது.

சின்னராஜின் பாதத்துக்கு அக்கா மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சிப் போட்டாள். அடுத்த காப்புக்கு ஒன்பது நாளும் கலா ஜீப்பில் கூடவே போவாள் என்று முடிவாயிற்று. அவனைத் தவிர எல்லோருக்கும் அதில் சம்மதம்.

இப்போது பக்கத்து ஊரான நாகலூரில் ஒரு பேச்சு. அது எங்கள் குடும்பத்தின் பரம்பரை அடவாம், மற்றவர்களுக்குச் சொல்லித் தர மாட்டோமாம். பின்னால் வந்த சனம் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்து அங்கே நான்கு பேர் பழகவும் தொடங்கிவிட்டார்களாம். அப்படி ஓர் அடவு எங்களுக்குக் கிடையாது. ஜல்லி குத்தியது, நொண்டினார்கள்.