மெயில் சர்வருக்குப் போட்ட லிமிட்

கட்டட வரைபடம் போடும் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் இருந்த கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர் அவள் கணவன்.

கணக்குப் பிரிவின் புரோகிராமும் மெயிலும் ஒரே மெஷினில் ஓடின. மெமரியை மெயில் விழுங்க, கணக்கு நொண்டியடித்தது. புது மெஷின் கேட்டு முதலாளி முன்னால் போய் நிற்க அவனுக்கு மனமில்லை.

"மெயிலுக்கு ஒரு லிமிட் போட்டுடு. கால்வாசி மெமரிக்கு மேல எடுக்கக் கூடாது."

"பெரிய வரைபடம் வந்தா, அதை வைரஸ் செக் பண்ணவே அது பத்தாதுங்க. லிமிட்டைத் தாண்டினா சிஸ்டமே மெயில் புரோகிராமை நிறுத்திடும். மறுபடி கிளம்பி அதே மெயிலை எடுக்கும், மறுபடி சாகும். பின்னாடி வர்றதெல்லாம் அப்படியே நிக்கும்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். போடு, நான் பாத்துக்கறேன்."

போட்டாள். கட்டினவனிடம் எழுதியா வாங்க முடியும்?

அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க அவள்தான் லீவு போட்டாள். அந்த நாளில்தான் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வரைபடங்களை மொத்தமாக அனுப்பினார். மெயில் செத்துச் செத்துப் பிழைத்தது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வந்தும் அவன் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் வராத கோபத்தில் அவர் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

"யாருய்யா அந்த லிமிட்டைப் போட்டது?" என்று கத்தினார் முதலாளி.

கணவன் தொண்டையைச் செருமினான். "மேடம்தான் சார். அன்னிக்கு லீவுல வேற இருந்தாங்க."

அவன் வாயிலிருந்து அவள் அந்த 'மேடத்தை' அதுவரை கேட்டதில்லை. "போடச் சொன்னது நீங்கதானே?" என்றாள்.

"குடும்பச் சண்டையை வீட்ல வச்சுக்கங்க" என்றார் முதலாளி. அன்றோடு அவள் வேலை போயிற்று.

வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்த மாமியார், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதாம்மா? அவனுக்குத்தானே தலைகுனிவு" என்றாள். அதற்குள் போனில் சொல்லியிருக்கிறான்.

அவன் வந்ததும் மெதுவாக ஆரம்பித்தான். "ரெண்டு பேர் வேலையும் போறதுக்கு, ஒருத்தரோட போனது நல்லதுதானே?"

"அந்த ஒருத்தர் நான்தான்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

அவன் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். "மெயில் இன்னும் நிக்குது. அந்த லிமிட்டை எங்க போய் மாத்தணும்?"

மற்றவர்கள் மெயிலும் அதில்தானே மாட்டிக் கிடக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மெயில்கள் வந்து குவியத் தொடங்கின.

"அப்பாடா!" என்று சாய்ந்தான். "நீ இல்லன்னா என் பாடு திண்டாட்டம்தான்."

அவள் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு மாமியார் அறைக்குப் போனாள். கண் ஆறிய பிறகும் அங்கேயேதான் படுத்தாள்.