ட்ரெய்லர் நின்ற மூலை

மழை விட்டு மூன்று மணி நேரம் ஆகியும் வயல் முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது. அச்சு முறிந்த ட்ரெய்லர் கிடக்கும் மூலையில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அது மேடும் இல்லை. அண்ணிக்கு மண்டை காய்ந்தது.

இரண்டு விதைப்பு இப்படித்தான் போயிற்று. நின்ற தண்ணீர் வெயிலில் வற்ற, மேல்மண் ஓடாக இறுகி, முளை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கருகியது. ஊரெல்லாம் விதைக்குப் பஞ்சம். வீட்டில் மிச்சம் ஒரே ஒரு மூட்டை மக்காச்சோளம். அதுவும் போனால் அடுத்த வருஷம் அடுப்பு எரியாது.

"அங்க எலி வளை இருக்கும் அண்ணி," என்றான் கொழுந்தன். ட்ராக்டர்தான் அவன் உலகம். "இன்னும் ஆழமா உழுதுடறேன், பாருங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

அண்ணி கடப்பாரையைக் குத்திப் பார்த்தாள். வயலில் ஒரு சாண் இறங்கியதும் கல்லில் பட்டதுபோல் நின்றது. மூலையில் எங்கே குத்தினாலும் முழங்கை ஆழம் வழுக்கிக்கொண்டு போனது.

"எல்லா இடத்துலயும் வளையா? இஞ்சினியர் எலியோ?"

இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மண்கட்டி எடுத்துக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டாள். வயல் கட்டி ஒரு நிமிஷத்தில் கரைந்து சேறானது. மூலைக் கட்டி குமிழி விட்டது; கரையவில்லை. காலையில் போட்டது மாலையிலும் அப்படியே இருந்தது.

அண்ணி அதைப் பிட்டுப் பார்த்தாள். முடியை விட மெல்லிய வேர்கள், வெள்ளைப் பூஞ்சை இழைகள். அவை மண்ணைச் சின்னச் சின்ன மணிகளாகக் கோத்திருந்தன. மணிகளுக்கு நடுவே தண்ணீர் இறங்க ஆயிரம் வாசல். ஒரு கைப்பிடி மண்ணுக்குள் இத்தனை பெரிய கட்டடமா!

"இதை யாரு கட்டினா அண்ணி?"

"நீதான். ட்ரெய்லரை அடுத்த வாரம் அடுத்த வாரம்னு ரெண்டு வருஷமா சரிபண்ணல. கலப்பை அதைச் சுத்திப் போச்சு. புல் முளைச்சுது, சோளத்தட்டை மக்குச்சு, வேரை யாரும் அறுக்கல."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அப்ப உழவே வேண்டாமா? எனக்கு என்ன வேலை?"

"ட்ரெய்லரைச் சரிபண்ணு. களத்துல கிடக்கிற பழைய தட்டையை ஏத்தணும்."

அந்த முறை வயலை உழவில்லை. சோளத்தட்டையைப் பரப்பி மண்ணை மூடினார்கள். தட்டையை விலக்கி, கோடு கீறி, விதையைப் போட்டார்கள். அடிமண் இளக வருஷங்கள் ஆகும். ஆனால் அடுத்த மழை தட்டைமேல் விழுந்து மெல்ல இறங்கியது, மேலே ஓடு கட்டவில்லை, ஏழாம் நாள் வரிசை வரிசையாக முளை வந்தது.