பெர்பினியோன் முருங்கைக்காய்

"பன்னிரண்டுக்குப் பெட்டியை மூடிப் போடுவாங்களடி. இன்னொருக்காப் போன் அடி" என்று கமலராணி மகள் வதனாவின் முழங்கையைத் தட்டினாள்.

"இல் ரெப்போன் பா, அம்மா. எடுக்கிறாரில்லை."

"போன் டிராக்டருக்குள்ளை கிடக்கும். உங்கடை அப்பாவும் அப்பிடித்தானே."

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், தர்மராசாவின் மரக்கறிக் கடைக்கு முன்னால் அவரோடு இருவரும் நின்றார்கள். கடை பூட்டியிருந்தது. தர்மராசா கமலராணியின் அண்ணன். இறந்த குகதாசனுக்கு மச்சான். குகதாசனின் உடல் லா கூர்னெவ்வுக்கு அப்பால் ஒரு மண்டபத்தில், பெட்டியில் கிடந்தது. சனம் அங்கே கூடிவிட்டது. மனைவியும் மகளும் மச்சானும் மட்டும் இங்கே நடைபாதையில் நின்று மார்செல் என்ற கிழவனுக்காகக் காத்திருந்தார்கள்.

மார்செல், பிரான்சின் தென்கோடியில் பெர்பினியோனில் குகதாசனின் பக்கத்துத் தோட்டக்காரர். அவர்தான் குகதாசனை முருங்கைக்குக் கீழே ஏணியடியில் கண்டவர். மாரடைப்பு. அன்று காலையில்தான் குகதாசன் தொலைபேசியில் கத்தியிருந்தார். "காய்ச்சிட்டுதடி! கொண்டு வாறன், உன்ரை கொண்ணைக்குச் சொல்லு!"

அண்ணன் தர்மராசா நம்பவில்லை. கமலராணியும் நம்பவில்லை.

பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளிறிய பிறகு குகதாசன் தெற்கே போய்த் தோட்டம் எடுத்தார். அங்கே கோடையில் மழை எட்டிப் பார்க்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டால் வெண்டி, கத்தரி, பாவல், பயிற்றை எல்லாம் ஊரில் போலவே காய்த்தன. தர்மராசா அத்தனையையும் வாங்கி விற்றார். முருங்கை மட்டும் மனிதனை அலைக்கழித்தது. குளிருக்குக் கருகும். முழங்கால் உயரத்தில் வெட்டி, வைக்கோல் போட்டு மூடிவைப்பார். வசந்தத்தில் துளிர்த்து ஏணி உயரத்துக்குப் பாயும், பூக்கும், பூவையெல்லாம் கொட்டிவிடும். வருடாவருடம் அவர் ஒரு பை இலையோடு ரயிலில் வந்து இறங்குவார்.

"முருங்கை நட்டவன் வெறுங்கையோடை போவான் மச்சான்" என்பார் தர்மராசா, கடை முழுக்கக் கேட்க.

"அது, கிழவனானாலும் பொல்லு ஊண்டாமல் நடப்பான் எண்ட கருத்தடா, மடையா."

இப்போது அந்தப் பழமொழி கமலராணியை விடவில்லை. மனிதர் பொல்லு ஊன்றாமல்தான் போனார். ஆனால் கையில் என்ன இருந்தது? மார்செல் சாவுச் செய்தி சொன்னபோது, "குகா உங்களுக்குக் கொண்டுவர இருந்ததை நான் கொண்டு வருகிறேன்" என்றும் சொல்லியிருந்தார். அது காயா, மறுபடியும் இலையா என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"அம்மா, நீங்கள் அவரிட்டைச் சரியா என்னெண்டு சொன்னனீங்கள்?" என்று வதனா திடீரென்று கேட்டாள்.

"என்னத்தைச் சொல்லுறது? 'வெனே அ லா சப்பல்' எண்டனான். லாச்சப்பலுக்கு வாங்கோ எண்டு. எங்கடை ஆக்கள் எல்லாரும் இஞ்சைதானே முதல் வாறது. மண்டபத்தின்ரை விலாசம் நீதானே அனுப்பினனீ."

வதனா வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தர்மராசா அணைக்கப் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, காரை எடுங்கோ! பெர்பினியோன் மனுசனுக்கு லா சப்பல் எண்டால் சப்பல்தான். பிரேதம் வைக்கிற சின்னக் கோயில்!"

தர்மராசா ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு ஹோர்ன் வசவும் ஒரு சிவப்பு விளக்கும் கழிந்தன.

மண்டபத்தில் தேவாரம் முடிந்து, வாய்க்கரிசியும் பாதி முடிந்திருந்தது. பெட்டியின் தலைமாட்டில், உறவுகளுக்கெல்லாம் முன்னால், கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாராம். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மண்டபத்துக்காரர் என்று நினைத்து இரண்டு பேர் அவரிடம் கழிப்பறைக்கு வழி கேட்டிருந்தார்கள்.

அவருடைய மடியில் ஈரச் சாக்குச் சுருள் ஒன்று. அதன் இரண்டு பக்கமும் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தன.

காய்கள்.

மார்செல் விழித்து எழுந்தார். "மதாம் குகா, சப்பலுக்கு வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சாக்கை அவளிடம் நீட்டினார். கமலராணி வாங்கவில்லை. கை வரவில்லை. தர்மராசா வாங்கினார். வாங்கியவர், கடையில் எந்நாளும் செய்கிற மாதிரி, ஒன்றை உருவி இரண்டு கையாலும் முறுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பிஞ்சுமில்லை, முத்தலுமில்லை" என்றார். "நல்ல பதம்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கிலோ என்ன விலை, அண்ணை?"

மண்டபமே சிரித்தது. தேவாரம் பாடியவரும் சிரித்தார். கமலராணி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அர்னோ என்ற மண்டபப் பணியாளர் மூடியோடு வந்து நின்றார். கமலராணி ஒரு காயை எடுத்துக் கணவனின் கையில் வைத்தாள். அது மூக்கையும் தாண்டிப் பெட்டிக்கு வெளியே நீண்டது.

"இது சமயச் சடங்கா?" என்று அர்னோ கேட்டார்.

"உய், ஆம்" என்றாள் வதனா, கண்ணிமைக்காமல். "மிக முக்கியமான சடங்கு."

கமலராணி காயை மெல்லச் சாய்த்து, நெஞ்சின் குறுக்கே கிடத்தி, விரல்களை அதன்மேல் மடித்துவிட்டாள். மூடி சரியாகப் பொருந்தியது.

எல்லாம் முடிந்து பின்னேரம் லாச்சப்பலுக்குத் திரும்பியபோது, மிச்சக் காய்களை வைக்கத் தர்மராசா கடையின் தகரக் கதவைப் பாதி தூக்கினார். தெருவில் போன ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, ஊரிலையிருந்து பிளேனிலை வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை" என்றாள் கமலராணி. "இஞ்சத்தைக் காய்."

"பகிடி விடாதேங்கோ."

அந்தப் பெண் கதவுக்குக் கீழால் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தாள்.