பொம்மைத் தலை ஆடாது

பார்லரில் வேலை கற்கச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க வாயாடி முடி வெட்டிப் பழகியது பொம்மைத் தலையில்தான். வாயாடி என்ற பெயரை முதலாளியம்மா சும்மா வைக்கவில்லை. கை ஓட வேண்டுமென்றால் இவளுக்கு வாயும் ஓட வேண்டும். வீட்டில் சமையல் மேடையில் பொம்மையை நிறுத்தி, மாமியார் கதையிலிருந்து மகனின் பரீட்சை வரை அதனிடம் கொட்டிக்கொண்டே வெட்டுவாள். முடி நூல் பிடித்தாற்போல் நேராக வரும்.

இன்றுதான் முதல் உயிருள்ள தலை. முதலாளியம்மா தன் நாத்தனாரையே பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனாள்.

நெற்றி முடியை ஈரமாக்கிச் சீவி, கத்தரிக்கோலை வைத்ததும் வாயாடிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"உங்க அண்ணி ரொம்பக் கறார்தான், இல்லக்கா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷம் காத்திருந்தாளோ, நாத்தனார் மனதாரத் தலையாட்டினாள். கத்தரிக்கோல் சரக்கென்று மேலே ஏறியது. ஒரு பக்க முடி புருவத்தைத் தொட்டது. மறுபக்கம் பாதி நெற்றியிலேயே நின்றுவிட்டது.

திரும்பி வந்த முதலாளியம்மா திட்டவில்லை. கத்தரிக்கோலை வாங்கித் தானே கோணலைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"வெட்டும்போது எதுக்குத் தலைய ஆட்டின?"

"இவ ஒண்ணு கேட்டா, அண்ணி."

"என்ன கேட்டா?"

கண்ணாடிக்குள் வாயாடியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியில வெயில் ஜாஸ்தியான்னு," என்றாள் நாத்தனார்.

கத்தரிக்கோல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை.