விச்சுவுக்கு என்ன திதி?

"வாத்யாரைக் கூப்பிட்டு, தர்ப்பையில ஒரு உருவம் பண்ணி விச்சுவோட காரியத்தை முடிச்சுடலாம். நீ குங்குமத்தை அழிச்சுட்டா, வெள்ளிக்கிழமை சுமங்கலிப் பிரார்த்தனைக்கு இடைஞ்சல் இருக்காது" என்றாள் மாமியார் தர்மாம்பாள், கத்தரிக்காய் விலை பேசுவதுபோல.

ஏழு வருஷம் முன்பு, சாகண் தொழிற்சாலை வாசலில், சங்கக் கூட்டம் முடிந்து வந்த கிருஷ்ணப்ரியாவின் கணவன் விச்சுவை இருநூறு பேர் பார்க்கப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் ஆளும் இல்லை, பதிலும் இல்லை. இப்போது நாத்தனார் தீப்திக்குக் கல்யாணம். அதனால் இவள் சுமங்கலியா, விதவையா என்று மாமியாரின் ஔந்த் ஃப்ளாட்டுக்கு உடனே தெரிந்தாக வேண்டுமாம்!

காரியம் நடந்தால், விச்சு எங்கே என்று கேட்டு அவள் போட்ட கோர்ட் வழக்கு போச்சு. குடும்பமே கருமம் பண்ணிவிட்டதே என்று சர்க்கார் கைகழுவிவிடும். வக்கீல் ஹெலினா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "சர்க்கார் ஆளுங்க பிடிக்கணும், பிடிக்கவே இல்லன்னு சாதிக்கணும், சட்டம் எட்டாத இடத்துல ஆளை மறைக்கணும். மூணும் சேர்ந்தா சர்வதேசச் சட்டத்துல அது வலிந்து காணாமலாக்குதல். ஆள் என்ன ஆனார்னு சொல்ற வரைக்கும் அந்தக் குற்றம் தினம் தினம் நடந்துட்டே இருக்கு. நம்ம நாடு அதுக்கான ஐ.நா. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு, உறுதி பண்ணல. நிச்சயம் பண்ணிட்டுத் தாலி கட்டாத மாப்பிள்ளை மாதிரி! நமக்கு அவங்க மறுப்பு எழுத்துல வேணும். அதைத்தான் தரமாட்டேங்கிறாங்க."

"பண்ணுங்கோம்மா. ஆனா திதி?" என்றாள் கிருஷ்ணப்ரியா, பரம சாதுவாக.

"தெரியலைன்னா அமாவாசை, மன்னி" என்றான் மச்சினன் சேஷு, பேங்க் ஆபீசர்.

"யாருக்குமே தெரியாட்டாதானே அமாவாசை? இங்கேதான் தெரிஞ்சவா ஜீப் வெச்சுண்டு இருக்காளே! தப்புத் திதியில பண்ணி, பித்ரு தோஷம் கல்யாணப் பொண்ணு தலையில விடியணுமா?"

தர்மாம்பாள் முகம் வெளிறியது. "போடா சேஷு, ஸ்டேஷன்ல தேதியை எழுதி வாங்கிண்டு வா!"

அழுதுகொண்டு போன பெண்டாட்டிக்கு ஏழு வருஷமாக அந்த ஸ்டேஷனில் வாசல் பெஞ்சுதான். சலவைச் சட்டை ஆபீசருக்கோ, "பஸா, சாஹேப்" என்ற மராத்தி உபசாரத்தோடு நாற்காலி, சாய், முத்திரை குத்திய காகிதம் எல்லாமே அரைமணியில் கிடைத்தன.

'மேற்படி நபரை நாங்கள் ஒருபோதும் கைது செய்யவில்லை. அவர் தானாக வீட்டை விட்டுப் போய், எங்கோ உயிரோடு இருக்கிறார்.'

கிருஷ்ணப்ரியா இரண்டு தடவை படித்தாள். படுபாவிகள்! என்ன வாய் கூசாத பொய்! கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேஷ்! உயிரோட இருக்கார்னு சர்க்காரே சொல்லியாச்சு. அம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு எத்தனாவது இலை?"

தர்மாம்பாள் விரல் விட்டு இலைகளை எண்ண ஆரம்பித்தாள்.

"சேஷு, இதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துண்டு வா. ஒண்ணு கோர்ட்டுக்கு, இன்னொண்ணு வாத்யாருக்கு."