சேர விரும்பும் காரணம்

வீட்டில் அவனுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பட்டப்பெயர். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஒரு சின்னஞ்சிறு சமூக வலைத்தளத்தைக் கட்டிக்கொண்டு அழுவான். அதை இயக்கும் சர்வர் கணினி அவனுடைய துணி அலமாரியின் கீழ்த்தட்டில் உறுமிக்கொண்டு கிடந்தது. இப்படித் தனித்தனியாகத் தளம் நடத்தும் வீடுகள் உலகமெங்கும் ஆயிரம் உண்டு, ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரோடு தாராளமாகப் பேசலாம், எல்லாருக்கும் மேலே ஒரு முதலாளி கிடையாது என்று அவன் ஆரம்பித்தால், சாப்பிடுகிறவர்கள் தட்டோடு எழுந்துவிடுவார்கள்.

அண்ணி மட்டும்தான் உட்கார்ந்து கேட்டாள். அவளுடைய முடிதிருத்தும் கடை சந்துக்குள்ளே இருந்தது. வழிப்போக்கர் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. யாருக்கு எத்தனை மணி, யாருக்கு என்ன வெட்டு என்பதெல்லாம் ஒரு பெரிய கம்பெனியின் வலைத்தளத்தில் அவள் வைத்திருந்த குழுவில்தான் முடிவாகும். அந்தக் குழுவைக் கம்பெனி ஒருநாள் காலைக் காபி ஆறுவதற்குள் மூடிவிட்டது. ஏனென்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை.

"எங்கிட்ட வாங்க அண்ணி. இங்க யாரும் உங்களைத் தூக்கி எறிய மாட்டாங்க."

"பாஸ்வேர்டுன்னாலே பயப்படறவங்க தம்பி, கடைக்கு வர்ற எல்லாரும். இந்த வாரம் வந்து சேரலேன்னா கடையை மூட வேண்டியதுதான்."

அவன் தூக்கத்தைத் தொலைத்து வேலை பார்த்தான். வாயில் நுழையாத சொற்களையெல்லாம் களைந்தான், பொத்தான்களைப் பெரிசாக்கினான். புதிதாகச் சேருகிறவர்கள் நிரப்ப வேண்டிய 'சேர விரும்பும் காரணம்' என்ற பெட்டியை மட்டும் எடுக்கவில்லை. போலிக் கணக்குகள் புகுந்துவிடாமல் தடுக்க, கதவுக்கு ஒரு தாழ்ப்பாளாவது வேண்டாமா?

வாரம் முடிந்தது. சனிக்கிழமை அவன் கடைக்குப் போனபோது மூன்று நாற்காலியும் காலி. அண்ணி சுத்தமாக இருந்த சீப்பையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்கூட வரல தம்பி. இத்தனை வருஷம் தலையைத் தொட்டுப் பழகினவங்க. மனசே விட்டுப்போச்சு."

"நல்லவங்க மெதுவாத்தான் வருவாங்க அண்ணி. அதுக்குள்ள போலிங்க படையெடுப்பு வேற. கூட்டமா வந்ததுங்க, அத்தனையையும் விரட்டிட்டேன். கன்னாபின்னான்னு எழுதுதுங்க. 'பக்கவாட்டுல ஒட்ட, மேல கொஞ்சம் விடணும்'னு ஒண்ணு. 'நாலு மணி, பையனும் கூட வருவான்'னு ஒண்ணு. இன்னொண்ணு வெறும் 'போன தடவை மாதிரியே'!"

சீப்பு அண்ணியின் கையிலிருந்து தொட்டியில் விழுந்தது.

"போன தடவை மாதிரியேன்னு சொல்றது யாரு தெரியுமா? பஸ் ஓட்டுற அக்கா. நாற்காலியில உக்காந்ததும் வாயில வர்ற முதல் வார்த்தையே அதுதான். முடிவெட்டுற கடை வாசல்ல நிறுத்தி எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா, வேற என்னப்பா சொல்லுவாங்க?"

அவன் பையிலிருந்து மடிக்கணினியை வெளியே எடுத்தான்.

"அந்தக் கம்பெனி காரணம் சொல்லாம வெளிய தள்ளுச்சு. நீ காரணம் கேட்டு வெளிய தள்ளியிருக்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் அண்ணி.

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மேலே முதலாளியே இல்லை என்று ஊரெல்லாம் பேசியவன், துணி அலமாரியை வைத்துக்கொண்டு முதலாளியாகிவிட்டான். உடனே மடிக்கணினியைத் திறந்து, சேர்க்கும் அதிகாரத்தை அவள் பெயருக்கு மாற்றினான். அண்ணி அவன் விரட்டியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, சிரித்து, உள்ளே விட்டாள். கொஞ்ச நேரத்தில் மூன்று நாற்காலிக்கும் சாயங்காலம்வரை ஆள் சேர்ந்துவிட்டது.

கடைசியில் ஒரு விண்ணப்பம் மிஞ்சியது. அண்ணி அதைப் படித்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

'எனக்கு இப்போது முடி இல்லை. சும்மா பேசிக்கொண்டிருக்க வரலாமா?'

அதன் கீழே, அவன் அனுப்பியிருந்த பதில்: 'காரணம் ஏற்புடையதல்ல.'

"எதிர்ல மருந்துக்கடை வச்சிருக்கிற அம்மா. வைத்தியத்துல முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அப்பவும் வந்து உக்காந்து பேசிட்டுப் போவாங்க. இந்த வாரம்தான் ஏன் காணோம்னு நினைச்சேன்."

அவன் எழுந்தான்.

"இங்கேருந்தே சேர்த்துடலாமே தம்பி?"

"அது போதாது அண்ணி."

மருந்துக்கடையில் அந்த அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் தான் யாரென்று சொல்லி, போலிக் கணக்குகள், பாதுகாப்பு என்று தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்குப் புரியாதுப்பா. வரலாமா, கூடாதா?"

"வாங்கம்மா," என்றான்.