பதினாலே முக்கால் அங்குலம்

வெர்னா ஹியட்டலா சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுட்ட ஐந்து குண்டுகளும் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு இரும்புத் தட்டுகளில் பட்டன. ஜூன் மாதம். மிச்சிகனின் அந்த வடக்கு மூலையில் ஏரிக்கரைப் பனி உருகி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. துப்பாக்கி கிளப்பின் செயலாளர் ஆர்விட் கோஸ்கி தன் வண்டியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். சுடும் வரிசையில் ஓர் ஆள்கூட இல்லை. ஐந்து தட்டும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக மணி அடித்தன. ஐந்திலும் புதுச் சுவடு. வெர்னாவின் துப்பாக்கியோ அவள் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஆர்விட் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு மீதி ரொட்டியைத் தின்று முடித்தார்.

சனிக்கிழமை அந்த ஐந்து குண்டுக்கும் ஒரு தட்டுகூட ஒலிக்கவில்லை. அவளோடு போட்டியில் சுடும் கர்ட் சால்மெலா விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்மா வெர்னா, கைத்துப்பாக்கியால முடியலன்னு அதுக்குக் குழல நீட்டி கார்பைன் ஆக்குன. அடுத்து பீரங்கியா?" பதினோரு வருடம் அந்த வரிசையில் கைத்துப்பாக்கியோடு நின்று ஆண்களையெல்லாம் தோற்கடித்தவள் அவள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவளுக்கு வேலை, இந்தச் சுடும் போட்டி மட்டும்தான் அவளுக்கென்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கை நடுங்கத் தொடங்கியது. அம்மா வழி வந்த நடுக்கம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அடங்கிவிடும். காப்பிக் கோப்பையும் கைத்துப்பாக்கியும்தான் ஆடும். அவள் தட்டுகளைத் தவறவிட ஆரம்பித்ததும் ஆண்கள் அவளிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். அந்த மரியாதையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அதனால் அதே கைத்துப்பாக்கியை டயர் கடை வைத்துக்கொண்டு துப்பாக்கி வேலையும் பார்க்கும் டுவேன் லாம்பியிடம் கொடுத்தாள். அவன் பிடியை அப்படியே வைத்துக்கொண்டு, நீளமான குழல் பொருத்தி, தோளில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டையும் மாட்டித் தந்தான். தோளும் கன்னமும் இரண்டு கையும் சேர்ந்து பிடித்தால் நடுக்கத்துக்குப் போக இடமில்லை. ஆனால் தோள்கட்டை வைத்த துப்பாக்கிக்குக் குழல் பதினாறு அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். தனி அனுமதி இல்லாமல் குறைந்தால் பத்து வருடம் வரை சிறை. பதினாறு என்று முடிவு செய்த கனவான்கள் யாரும் காலை ஐந்தரைக்கு எழுந்து பேருந்தை எடுத்ததில்லை, அவர்களுக்கு அங்குலம் அங்குலம்தான். டுவேன் அளந்தபோது பதினாறரை வந்தது. அதில் ஒன்றே முக்கால் அங்குலம், குழலின் வாயில் திருகி மாட்டியிருந்த முனைக்குமிழ். அதை வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டினால்தான் குழலோடு சேர்த்து எண்ணுவார்கள். மத்தியானம் வைக்கலாம் என்று நினைத்தான். மத்தியானம் ஒரு லாரி டயர் வந்தது. மறந்துபோனான். வெர்னாவுக்கு இது தெரியாது.

செவ்வாய்க்கிழமை அடியைச் சனிக்கிழமை போட்டியில் சேர்க்கலாமா என்று கிளப் மூன்று கூட்டம் போட்டது. கர்ட் மேசையைத் தட்டினான்: "நான் சனிக்கிழமையே அடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன். இவ குண்டு டூர் போயிட்டு வருது!" ஆர்விட் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். குண்டு தட்டில் பட வேண்டும் என்று இருந்தது. எப்போது பட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதன்பின் செவ்வாய்க்கிழமை பகலில் மைதானத்தைப் பூட்டிவிட்டு ஆர்விட் வண்டிக்குள் உட்கார்ந்து எண்ணுவது வழக்கமாயிற்று. ஜூன், ஜூலை முழுக்க வெர்னா ஜெயித்தாள். ஆகஸ்டில் கர்ட் அவள் குழலை அளந்து பார்க்கச் சொல்லி மத்திய அரசுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டான்.

மத்திய அரசின் அதிகாரி கிரென் அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை வந்தார். நல்லவேளை, குழலுக்குள் குண்டு எதுவும் பயணத்தில் இல்லாத நாள். வெர்னா கொண்டுவந்த துப்பாக்கியை டுவேனின் கடை மேசைமேல் வைத்தார், முனைக்குமிழை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். அது ஜாடி மூடி போலக் கழன்று வந்தது. கிரென் வெளியே நாடா வைத்துப் பார்த்தார். பதினாலே முக்கால்.

"என்னடா டுவேன் இது?" என்றாள் வெர்னா.

"வெல்டிங் வைக்க மறந்துட்டேன், வெர்னா. சத்தியமா மறந்துட்டேன். சார், தப்பு என்னோடது. அவங்கள விட்டுடுங்க."

"துப்பாக்கி யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார் கிரென்.

"என் பேர்லதான்," என்றாள் வெர்னா. அவள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். ஜெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், வழக்கு என்று வந்தாலே பேருந்து உரிமம் போய்விடும். அந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது?

கிரென் கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர். வெளி அளவு செல்லாது, குழலுக்குள் குச்சி விட்டு அளப்பதுதான் முறை என்றார். பையிலிருந்து மரக்குச்சியை எடுத்து, குழலை நிமிர்த்தி, வாய்வழியே இறக்கினார். குச்சி அடியில் போய் முட்டும் சத்தத்துக்காக மூவரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. குச்சி முழுதும் உள்ளே இறங்கி அவர் விரலைவிட்டுப் போயிற்று. கிரென் குழலைக் கவிழ்த்துக் குலுக்கினார். ஒன்றும் விழவில்லை.

"வேற குச்சி இருக்கா?"

டுவேன் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் தூண்டில் நூலைக் கொண்டுவந்தான். நுனியில் ஈயக் குண்டு கட்டி இறக்கினார்கள். நூல் சுருள் சரசரவென்று ஓடியது. நூறு அடி, இருநூறு அடி. கிரென் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முந்நூறு அடியில் நூல் தீர்ந்தது. திரும்பச் சுற்றி எடுத்தபோது ஈயத்தின்மேல் ஆகஸ்ட் மாதத்தில் உறைபனி படிந்திருந்தது.

"இதுக்குள்ள என்னங்க இருக்கு?" என்று வெர்னாவைக் கேட்டார் கிரென்.

"மூணு நாள் தூரம் இருக்கு சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவர் படிவத்தில் குழலின் நீளம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, 'பதினாறுக்குக் குறைவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது தன் குச்சி எப்போதாவது வந்தால் தபாலில் அனுப்பச் சொன்னார்.

இப்போதாவது வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றான் டுவேன். "வேணாம்டா. அப்புறம் அதையும் மறப்ப," என்றாள். அவன் கடை வாசலில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை வெர்னா ஐந்து குண்டு சுட்டாள். ஒரு தட்டும் ஒலிக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் வெற்றுப் பேருந்தை மைதானத்து வேலியோரம் நிறுத்தி, இறைச்சியும் கிழங்கும் வைத்த பாஸ்டியைப் பிரித்தாள். பின்னாலேயே கர்டின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கி வந்து பேருந்தில் சாய்ந்துகொண்டான். கடிதத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு முதல் தட்டு ஒலித்தது. பிறகு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கடைசியில், தட்டுகளின் அடியில் புல்மேல் ஒரு மரக்குச்சி வந்து விழுந்தது.

"நாலாவது ஓரத்துல பட்டுச்சு," என்றான் கர்ட்.

"ஓரமும் தட்டுதான்," என்றாள் வெர்னா. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள்; மூன்று மணிக்குப் பள்ளி விடும், வழியில் தபால் நிலையத்தில் நிற்க வேண்டும். குச்சியை எடுத்து வந்து பாஸ்டி சுற்றியிருந்த தாளில் சுருட்டி வைத்துவிட்டுப் பேருந்தைக் கிளப்பினாள்.